ஏ.எஃப்.பி. நார்மல்தான், பிளேட்லெட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 58. காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். 14 வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறேன். எடை 84 கிலோ. குடி, புகை இரண்டும் கிடையாது. என் மூத்த அக்கா போன வருடம் கல்லீரல் புற்றுநோயில் இறந்துவிட்டார். அவருக்கும் மதுப் பழக்கம் இல்லை. ஃபேட்டி லிவர் இருக்கிறது என்று மட்டும் எப்போதோ சொல்லியிருந்தார்கள். வயிறு வீங்கிய பிறகு ஸ்கேன் எடுத்தால் 9 சென்டிமீட்டர் கட்டி. அந்தப் பயத்தில் நானும் 31 வயதில் இருக்கும் என் மகளும் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்கு ஃபேட்டி லிவர் கிரேடு 2. கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 41. கேன்சர் மார்க்கர் ஏ.எஃப்.பி. 6.8, நார்மல் என்று போட்டிருக்கிறது. பிளேட்லெட் 1,42,000, கொஞ்சம் குறைவு என்றார்கள். அதற்குப் பப்பாளி இலைச் சாறு குடித்து வருகிறேன். மகளுக்கு கிரேடு 1. இப்போது அந்த லேபில், கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் என்று மூன்று மார்க்கர்கள் சேர்ந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் சொல்கிறார்கள். ஒருவருக்கே பல ஆயிரம் ரூபாய். நாங்கள் இருவரும் எடுக்கலாமா? நார்மல் என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: வணக்கம். அக்காவை இழந்த துக்கத்தோடு இந்தப் பயமும் சேர்ந்து உங்களை அலைக்கழிப்பது புரிகிறது. கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மார்க்கர் பரிசோதனை உங்களுக்கு இப்போது வேண்டாம். மகளுக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் பப்பாளி இலைச் சாறு குடித்துச் சரிசெய்யப் பார்க்கும் அந்த பிளேட்லெட் எண்ணிக்கைதான் அது.

நம் ஊரில் பிளேட்லெட் குறைவு என்றாலே டெங்கு நினைவுக்கு வருகிறது, அதனால் பப்பாளி இலையும் வந்துவிடுகிறது. காய்ச்சல் இல்லாத 58 வயதுக்காரருக்கு, அதுவும் சர்க்கரையும் ஃபேட்டி லிவரும் உள்ளவருக்கு, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தால் நான் முதலில் கல்லீரலைத்தான் சந்தேகப்படுவேன். கல்லீரலில் தழும்பு ஏற ஏற, குடலிலிருந்து அதற்குள் வரும் ரத்தம் தடைபட்டு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் மண்ணீரலைப் பெரிதாக்குகிறது. பெரிதான மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன் சுரப்பதும் கல்லீரலில்தான், அதுவும் குறைகிறது. ஆகவே இலைச்சாறு குடித்து அந்த எண்ணிக்கையை ஏற்றப் பார்ப்பதில் பலனில்லை. இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 41. இரண்டும் பெரிய உயர்வு இல்லை என்பதால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் எது எதைவிட அதிகம் என்று பாருங்கள். சாதாரண ஃபேட்டி லிவரில் எஸ்.ஜி.பி.டி.தான் மேலே இருக்கும். தழும்பு முற்றும்போது எஸ்.ஜி.ஓ.டி. அதைத் தாண்டிப் போகும். உங்களுக்குத் தாண்டியிருக்கிறது.

இந்த எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஃபிப்-4 என்று பெயர். தனியாக ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை, காசும் இல்லை. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 58 × 52 = 3016. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து, அதாவது 142, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 142 × 6.4, சுமார் 909. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3.3 வருகிறது. இது 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67-க்கு மேலே போனால் முற்றிய தழும்பு இருக்கும் என்று பலமாகச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்றால் அடுத்த சோதனை தேவை. நீங்கள் 3.3.

இதைப் படித்ததும் எனக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பாகி இறுகிய நிலை, என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தம் கொடுத்த சமயத்தில் வைரஸ் காய்ச்சல் இருந்திருந்தாலும் பிளேட்லெட் இறங்கியிருக்கும். முந்தைய நாள் கடையில் பித்தளை அண்டா, குத்துவிளக்கு என்று பாரம் தூக்கி இறக்கியிருந்தால் தசையிலிருந்தும் எஸ்.ஜி.ஓ.டி. கசியும். ரத்தம் எடுத்து வெகுநேரம் கழித்து எண்ணினால் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு குறைவாகத் தெரிவதும் உண்டு. அதனால் காய்ச்சல், சளி எதுவும் இல்லாத ஒரு நாளில் இந்த மூன்றையும் திரும்ப எடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். சர்க்கரைக்காக வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்திருப்பீர்கள். அதில் பிளேட்லெட் 2,30,000, 1,90,000, 1,60,000 என்று படிப்படியாக இறங்கி வந்திருந்தால் அது இன்றைய ஒற்றை எண்ணைவிட அதிகம் சொல்லும். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்து மண்ணீரல் அளவு என்ன என்று பாருங்கள். 12 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் அதை நீங்களே சொல்லுங்கள்.

கிரேடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்கேனில் போடும் கிரேடு 1, 2, 3 எல்லாம் கொழுப்பின் அளவு. தழும்பு எவ்வளவு என்பதை அது சொல்லாது. கிரேடு 3 உள்ள ஒருவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். கிரேடு 1 உள்ளவருக்கு சிரோசிஸ் வந்திருக்கலாம். சிரோசிஸ் முற்றும்போது கொழுப்பு கரைந்து கிரேடே இல்லாமல் போவதும் உண்டு. கொழுப்பு குறைந்துவிட்டது, இனிமேல் பயமில்லை என்று சந்தோஷமாக வந்து உட்கார்ந்தவர்களிடம் உண்மை நிலையைச் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தழும்புதான்.

சரி, இப்போது மார்க்கர்களுக்கு வருவோம்.

ஏ.எஃப்.பி. என்பது கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். பிறந்த பிறகு மளமளவென்று குறைந்து, ஒரு வயதுவாக்கில் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடும். கல்லீரல் செல் புற்றாக மாறும்போது சில சமயம் அந்தப் பழைய உற்பத்தி திரும்பத் தொடங்குகிறது. சோவியத் ரஷ்யாவில் கேரி அபெலெவ் 1963-இல் எலிகளிடமும், அடுத்த வருடமே யூரி ததாரினோவ் கல்லீரல் புற்றுநோயாளிகளின் ரத்தத்திலும் இதைக் கண்டார்கள். 60 வருடம் கடந்தும் உலகெங்கும் இதுதான் முதல் மார்க்கராக இருக்கிறது. நல்ல மார்க்கர் என்பதைவிட, மலிவான, எங்கும் கிடைக்கும் மார்க்கர் என்பதே அதற்குக் காரணம்.

அதன் குறை என்னவென்றால், கல்லீரல் புற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏ.எஃப்.பி.யை உற்பத்தி செய்வதே இல்லை. கட்டி சிறியதாக இருக்கும்போது, அதாவது நாம் கண்டுபிடிக்க விரும்பும் சமயத்தில், உயராமல் இருப்பது இன்னும் அதிகம். ஆகவே 6.8 என்ற உங்கள் எண் புற்றுநோய் இல்லை என்று உறுதி தராது. மறுபக்கமும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இது இயல்பாகவே உயரும். விரை, சூலகக் கட்டிகள் சிலவற்றில் உயரும். ஹெபடைடிஸ் கிருமியால் கல்லீரல் வீங்கியிருந்தாலும் உயரும். கண்காணிப்பில் இருப்பவருக்கு 20 நானோகிராமைத் தாண்டினாலோ, தாண்டாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனாலோ அடுத்த கட்ட ஸ்கேனுக்கு அனுப்புவோம். 4, 7, 13 என்று ஏறும் எண்கள் மூன்றுமே லேப் தாளில் கிட்டத்தட்ட நார்மலாகத்தான் தெரியும். வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் கவலை தெரியும். அதனால்தான் பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

உங்கள் லேபில் சொன்ன மூன்று மார்க்கர்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் ஏ.எஃப்.பி., ஏ.எஃப்.பி.-எல்3, பிவ்கா-2 ஆகிய மூன்றாக இருக்கும். எல்3 என்பது ஏ.எஃப்.பி.யிலேயே ஒரு வகை. மைசூர்ப் பருப்பிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அதை வைத்துத்தான் பிரித்து அளக்கிறார்கள். கட்டியிலிருந்து வரும் ஏ.எஃப்.பி.யில் இந்த வகை அதிகம் இருக்கும். பிவ்கா-2 வேறு. ரத்தம் உறையத் தேவையான புரோத்ராம்பின் அரைகுறையாக உருவாகி வெளியே வந்தால் அதுதான் பிவ்கா. அது முழுமை பெற வைட்டமின் கே வேண்டும். கல்லீரல் புற்று செல்களால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை.

வைட்டமின் கே என்றதும் ஒரு எச்சரிக்கை. இதய வால்வு மாற்றியவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகள் வைட்டமின் கே-யைத் தடுப்பவை. அவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலேயே பிவ்கா எகிறிவிடும். மஞ்சள் காமாலையில் பித்தநீர் அடைபட்டவர்களுக்கும், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கும் அப்படி ஆகலாம். மாத்திரைப் பட்டியலைக் கேட்காமல் இந்தப் பரிசோதனையை எடுத்துவிட்டு, அதிகமாக இருக்கிறதே என்று குடும்பமே ஒரு வாரம் சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பது தேவையா?

இந்த மூன்று மார்க்கர்களோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடும் முறைக்கு கேலட் ஸ்கோர் என்று பெயர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபிலிப் ஜான்சன் குழுவினர் 2014-இல் வெளியிட்டார்கள். ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் இது எப்படி வேலை செய்கிறது என்று ஜெர்மனியின் பல மருத்துவமனைகளில் பார்த்து 2020-இல் எழுதினார்கள். ஏ.எஃப்.பி.யைத் தனியாகப் பார்ப்பதைவிட நன்றாக இருந்தது. அதே ஆய்வில் சேர்ந்த ஜப்பானிய நோயாளிகள் சிலரிடம், புற்றுநோய் தெரியவருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே மதிப்பெண் உயர்ந்திருந்தது. படிக்கும்போது எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது.

ஆனால் ஜெர்மனியில் எப்படிச் சோதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருபுறம் புற்றுநோய் ஏற்கெனவே உறுதியானவர்கள், மறுபுறம் இல்லாதவர்கள், இரு தரப்பு ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். நிஜ வாழ்க்கையில் அப்படிப் பிரித்து யாரும் வருவதில்லை. சிரோசிஸ் உள்ளவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, புதிதாகக் கட்டி வருகிறதா என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் கேலட்டின் திறன் அவ்வளவு பளிச்சென்று இல்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குப் பதிலாக இதை வைக்கலாமா என்பதைத் தீர்க்க அமெரிக்காவில் சுமார் 5,500 பேரைச் சேர்க்கும் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியிருக்கிறது. ட்ரேசர் என்று பெயர். அதன் முடிவு வரும்வரை ஸ்கேனை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் நம்ப நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன். ஜப்பானில் இந்த மார்க்கர்களை வழக்கமாகவே பார்க்கிறார்கள், உண்மைதான். அங்கேயும் ஸ்கேனோடு சேர்த்துத்தான், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத்தான்.

கட்டியிலிருந்து ரத்தத்தில் உதிரும் டி.என்.ஏ. துணுக்குகளைப் படிக்கும் பரிசோதனைகளும் வந்திருக்கின்றன. எதிர்காலம் அந்தப் பக்கம் போகலாம். ஆனால் வழக்கமான சிகிச்சை வழிகாட்டுதலில் அவற்றுக்கு இன்னும் இடமில்லை. அப்புறம், ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களில் வரும் சி.இ.ஏ., சி.ஏ. 19-9 இரண்டும் கல்லீரல் செல் புற்றுக்கான மார்க்கர்களே அல்ல. அவை நார்மலாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மகளுக்கு ஏன் வேண்டவே வேண்டாம் என்றேன்? இந்தியாவில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஃபேட்டி லிவர் இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் ஏறக்குறைய 3 லட்சம் ஃபேட்டி லிவர் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2018-இல் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், நடுவயது தாண்டியவர்கள். அப்படியிருந்தும் 10,000 பேரில் வருடத்துக்கு 2 பேருக்குத்தான் கல்லீரல் புற்று வந்தது. சிரோசிஸ் ஏற்பட்டிருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அதே 10,000 பேரில் 100 பேருக்கு மேல். 50 மடங்கு வித்தியாசம்!

இப்போது பத்தில் ஒருவருக்குத் தவறாக எச்சரிக்கை தரும் ஒரு பரிசோதனையை, சாதாரண ஃபேட்டி லிவர் உள்ள 10,000 பேருக்கும் எடுக்கிறோம் என்று வையுங்கள். 2 பேரைத் தேடப் போய் 1,000 பேரைப் பயமுறுத்துவோம். அந்த 1,000 பேருக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ., சிலருக்கு பயாப்ஸி. தேடிய 2 பேரில் ஒருவர் பரிசோதனையில் பிடிபடாமல் போகவும் கூடும். 31 வயதுப் பெண்ணுக்கு அந்த 10,000-க்கு 2 என்பதுகூட அதிகம். இந்த நிலையில் அவருக்கு மார்க்கர் எடுப்பது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபேட்டி லிவரிலிருந்து வரும் புற்றுகளில் கணிசமான பங்கு, சில கணக்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல், சிரோசிஸ் இல்லாத கல்லீரலிலும் வருகிறது. ஹெபடைடிஸ் சி போன்ற நோய்களில் இப்படி இல்லை. அப்படியானால் எல்லோரையும் ஸ்கேன் செய்ய வேண்டாமா என்று நியாயமாகக் கேட்பீர்கள். கோடிக்கணக்கானவர்களுக்குள் யாருக்கு வரும் என்று பிரித்துச் சொல்லும் வழி இன்னும் கையில் இல்லை. நல்ல ரத்த மார்க்கர் ஒன்று வர வேண்டும் என்று நாங்கள் ஏங்குவது இந்த இடத்துக்காகத்தான்.

உங்கள் நிலைமை மகளுடையதிலிருந்து வேறு. உங்களுக்கு அடுத்த வேலை ஃபைப்ரோஸ்கேன். விலாப்பக்கத்தில் ஒரு சிறு கருவியை வைத்து மெல்லத் தட்டி, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். இறுகிய கல்லீரலில் வேகமாக ஓடும். வலி இல்லை, ஊசி இல்லை, பத்து நிமிடம். மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடிக் காட்டும். கிலோபாஸ்கல் கணக்கில் 8-க்குக் கீழே வந்தால் பெரிய நிம்மதி. 12-க்கு மேலே என்றால் முற்றிய தழும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மதுரை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே அரசு இராசாசி மருத்துவமனையில் இரைப்பை குடல் மருத்துவத் துறை இருக்கிறது. உங்கள் எண்களைக் காட்டி எங்கே எடுப்பது என்று கேளுங்கள்.

கூடவே ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். கேன்சர் மார்க்கர் எடுத்தவர்கள் இதை எடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நம் நாட்டில் கல்லீரல் புற்றுக்கு ஹெபடைடிஸ் பி இன்றும் முக்கியக் காரணம். அது தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது. அக்காவுக்கு அது இருந்ததா என்று அவருடைய கோப்பில் பாருங்கள். இருந்திருந்தால் உடன்பிறந்த எல்லோருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கிருமி இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு முற்றியிருப்பதாக வந்தால் நீங்கள் கண்காணிப்புக்குள் வருகிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், அதோடு ஏ.எஃப்.பி. இங்கேதான் அந்த மார்க்கருக்கு உண்மையான வேலை. ஆரம்ப நிலைக் கட்டிகளில் ஸ்கேன் மட்டும் எடுத்தால் 45 சதவீதம்தான் பிடிபடுகின்றன, ஏ.எஃப்.பி.யைச் சேர்த்தால் 63 சதவீதம் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கு சொல்கிறது. ஆறு மாத இடைவெளி ஏன் என்றால், இந்தக் கட்டிகள் இரு மடங்காக வளர ஏறத்தாழ 4 முதல் 6 மாதம் ஆகிறது. ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் பார்த்தவர்களிடையே கல்லீரல் புற்றால் இறப்பது 37 சதவீதம் குறைந்தது. அவர்கள் ஹெபடைடிஸ் பி தொற்றோ நாள்பட்ட ஹெபடைடிஸோ இருந்தவர்கள், ஃபேட்டி லிவர்காரர்கள் அல்ல. ஆனாலும் கண்காணிப்பில் இருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது என்ற பாடம் நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். 2 சென்டிமீட்டரில் பிடித்தால் ஊசி வழியே சுட்டு அழிக்கலாம், அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம், தேவைப்பட்டால் மாற்று கல்லீரல் பொருத்தலாம். முழுக்கக் குணமாகும் வாய்ப்பு உள்ள கட்டம் அது.

பருமனான வயிற்றில், கொழுப்பு நிறைந்த கல்லீரலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பது பனிமூட்டத்தில் ஹெட்லைட் போட்டு ஓட்டுவதைப் போன்றது. ஒலி உள்ளே போகாமல் சிதறிவிடும். கல்லீரலின் ஒரு பகுதி சரியாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால் அதைச் சடங்குக்கு எழுதியது என்று விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. யோசிக்க வேண்டும். உங்கள் கல்லீரல் மருத்துவர் அந்த நேரத்தில் பிவ்கா-2 சேர்த்துப் பார்க்கலாம் என்று சொன்னால் தாராளமாக எடுங்கள். தழும்பு எவ்வளவு என்று தெரிந்த பிறகு, ஸ்கேனோடு துணையாக எடுக்கும்போது அதற்குப் பொருள் உண்டு.

பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருப்பதால், தழும்பு உறுதியானால் உங்களுக்கு ஒரு எண்டோஸ்கோபியும் சொல்வார்கள். உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

மகள் விஷயத்தில் ஒரு சேர்க்கை. 35 வயதுக்குக் கீழே ஃபிப்-4 கணக்கு நம்பகமாக இருக்காது, அதனால் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, ஹெபடைடிஸ் பி, சி போதும். ஆனால் உங்களுக்கு சிரோசிஸ் என்று உறுதியானால் நிலைமை மாறும். ஃபேட்டி லிவரால் சிரோசிஸ் வந்தவரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்கு என்று அமெரிக்காவின் சான்டியாகோவில் 2017-இல் கண்டார்கள். அப்படியானால் மகளுக்கும் ஒரு ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம். புற்றுநோய் மார்க்கர் அப்போதும் தேவையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதுவரை யாரும் கல்லீரலின் பெயரைச் சொல்லி வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரலின் வீக்கம் தணிகிறது, பலருக்குத் தழும்பும் பின்வாங்குகிறது. உங்களுக்கு அது 6 முதல் 8 கிலோ. ஆனால் பட்டினி கிடந்து குறைக்காதீர்கள். தழும்பு உள்ள கல்லீரலோடு பட்டினி சேர்ந்தால் தசை கரையும். மதியச் சோற்றைப் பாதியாக்கி, பருப்பு, முட்டை, மீன், சுண்டலைக் கூட்டுங்கள். கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்காதீர்கள். சர்க்கரை போடாத காபி இரண்டு மூன்று வேளை குடிக்கலாம்; காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்று குறைவாக வருவதாகப் பல நாட்டு ஆய்வுகளிலும் தெரிகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கல்லீரல் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு இப்போது வந்துள்ள செமாக்ளூடைட் ஊசியை, கல்லீரல் வீக்கமும் தழும்பும் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் 2025-இல் அனுமதித்தார்கள். ஆனால் சிரோசிஸ் வரைக்கும் போனவர்களுக்கு அந்த அனுமதி பொருந்தாது. உங்களுக்குச் சரிப்படுமா என்பதை ஃபைப்ரோஸ்கேன் முடிவைக் காட்டி உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள்.

முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வேண்டாம். தழும்பு உறுதியானால் அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கொண்டு வரும். கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் பொடிகளும் லேகியங்களும் வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில்கொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஃபைப்ரோஸ்கேனுக்குப் போகும்போது இந்த ரிப்போர்ட், பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். இடையில் மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, வயிறு திடீரென்று உப்பினாலோ, கண் மஞ்சளானாலோ, பேச்சில் தடுமாற்றமோ அளவுக்கு மீறிய தூக்கமோ வந்தாலோ அப்பாயின்ட்மென்ட் எதற்கும் காத்திருக்காமல் பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.